அடுப்பை யார் போட்டது?

புறநானூற்றின் 164ஆம் பாடலில் ஓர் அடுப்பு இருக்கிறது. பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடியது. சமையலை அறவே மறந்துவிட்ட அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலில்லாத முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். அவள் கண்கள் நிறைகின்றன. அவள் துயரத்தைக் கண்ட கணவர் குமணனை நினைத்துப் புறப்படுகிறார்.

வகுப்பில் இதை ‘வறுமையின் உச்சம்’ என்று சொல்லிவிட்டு, புலவரின் பெருமிதத்துக்கும் வள்ளலின் கொடைக்கும் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அந்த அடுப்பை யார் போட்டது என்று கேட்டதில்லை.

சந்தையில் குயவர் செய்த அடுப்பு கிடைக்கும். ஆனால் கொல்லையில் நெல் அவிக்கவும் வெந்நீர் காய்ச்சவும் போட்ட அடுப்புகளை நம் ஊர்களில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே போட்டார்கள். களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதிக்க வேண்டும். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். வைக்கோல்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது. மேலே உள்ள மூன்று குமிழும் பானையைத் தாங்க மட்டுமல்ல. அவற்றின் இடுக்கு வழியாகத்தான் சுடரும் புகையும் வெளியேறுகின்றன. குமிழ் தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும், மிக உயர்ந்தால் விறகு வீணாகும். கொடியடுப்பில் ஒரு தீயின் மிச்சச் சூடு பக்கத்துக் குழம்பையும் கொதிக்க வைக்கும். மழைத் தண்ணீர் புகாத மேடு, காற்று நேராக அடிக்காத திசை, எல்லாம் பார்த்துச் செய்யும் வேலை இது. இதைக் கட்டுமானம் என்று நாம் சொல்வதில்லை, ‘வீட்டு வேலை’ என்கிறோம்.

இந்த அறிவோடு பாடலுக்குத் திரும்புவோம். அடுப்பின் பக்கங்கள் உயர்ந்தவை என்கிறார் புலவர். பானை ஏறி இறங்கித் தேயாததால் அவை உயர்ந்தே நிற்கின்றன என்று நான் வாசிக்கிறேன். காளானுக்கு ஈரமும் மட்கும் பொருளும் வேண்டும். அந்த மண்ணிலும் வைக்கோல் கலந்திருந்தால், அவள் மிதித்துக் கலந்ததைத்தான் காளான் தின்கிறது. அந்த வீட்டில் சோறு மட்டுமா இல்லை? ஒருத்தியின் கைத்திறனும் வேலையற்றுக் கிடக்கிறது. அவள் பாடலில் ஒரு சொல்லும் பேசவில்லை.

இன்று நெடுஞ்சாலை உணவகங்கள் ‘மண் அடுப்புச் சமையல்’ என்று பலகை வைக்கின்றன. பாட்டியின் கைமணம் பற்றி ஆண்கள் உருகி எழுதுகிறார்கள். அந்த உருக்கத்தில் பாட்டியின் இருமல் கேட்பதில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை முதலான காற்று மாசால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எரிவாயு உருளை வாங்கிய பெண் எந்த மரபுக்கும் துரோகம் செய்யவில்லை. அடுப்பு போடத் தெரிந்தவளின் அறிவை மதிப்பதற்கு அவளைப் புகைக்குள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

‘புலவரின் வறுமையை விளக்குக’ என்றுதான் இந்தப் பாடலுக்கு வினா அமைப்போம். இப்போது நான் மாணவிகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன்: அது புலவரின் வறுமை மட்டும்தானா?