கார்டு இறக்காத மேஜர்

வடசென்னை ராயபுரத்துக்காரர்களிடம் நாடகம் பேசுவதென்றால் குத்துச்சண்டையில் தொடங்குவதே வசதி. அடி வாங்கியவன் கார்டை, அதாவது முகம் காக்கும் கையை, இறக்கினாலோ முகத்தைச் சுளித்தாலோ போதும், அடுத்த குத்தை எங்கே விடலாம் என்று எதிராளி கண்டுகொள்வான். கே. பாலசந்தர் எழுதிய ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகம் நிற்பதே இந்தச் சூட்சுமத்தில்தான்.

பார்வையிழந்த ஓய்வுபெற்ற மேஜருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்னொருவன் காதலித்த பெண்ணைக் கைவிட, அவள் உயிரை விடுகிறாள். தையல்காரரான அவள் அண்ணன் அவனைக் கொன்றுவிட்டு, யார் வீடென்று தெரியாமல் மேஜரிடமே அடைக்கலம் தேடுகிறார். (கைவிட்ட பிள்ளையின் பெயர் ரஜினிகாந்த். பின்னாளில் சிவாஜி ராவுக்குப் பாலசந்தர் சூட்டியது இந்தப் பெயரைத்தான்.)

சாவும் கொலையும் நாக்-அவுட் குத்துகள். அவற்றைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது சுலபம். இங்கே பாயின்ட் விழுவது வேறிடத்தில். மகனைப் பறிகொடுத்தவரும் தங்கையைப் பறிகொடுத்தவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நமக்குத் தெரிந்தது மேஜருக்குத் தெரியாது.

சிறுவயதில் திருவொற்றியூரில், ஒரு தொழிற்சாலை மனமகிழ் மன்ற ஆண்டு விழாவில் இதைப் பார்த்தேன். மைக் கரகரத்தது, எண்ணூர் போகும் லாரிகளின் இரைச்சல் வேறு. மேஜராக நடித்தவர் பகலில் கிரேன் ஓட்டுபவர். பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார், காதைத்தான் திருப்புவார். செத்தது தன் பிள்ளை என்று புரிந்ததும் அவர் வலது கை நாற்காலிக் கைப்பிடியைத் தேடியது. அகப்படவில்லை. சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அழவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசிய வசனம் ஒன்றும் எனக்கு நினைவில்லை, அந்தக் கை மட்டும் இருக்கிறது.

இந்த வேஷம் கட்டிய சுந்தரராஜனுக்குப் பெயருக்கு முன்னால் ‘மேஜர்’ ஒட்டிக்கொண்டது சும்மா அல்ல. நாடகம் 1965இல் இந்தியில் ‘ஊஞ்சே லோக்’ படமானபோது அந்த வேஷத்தை அசோக் குமார் ஏற்றார். 1966இல் தமிழ்ப்படம்.

பலவீனமும் உண்டு: அந்தப் பெண். படத்தில் ஜெயலலிதாவே நடித்தும், அவளுக்குச் சீக்கிரமே மணி அடித்துவிடுகிறார்கள். மிச்ச ரவுண்டெல்லாம் அவள் சாவுக்கு நியாயம் பேசும் ஆண்களுடையது.

அக்கவுன்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாலசந்தர் எழுதிய இன்னொரு நாடகம் ‘நீர்க்குமிழி’, 1965இல் அவர் இயக்கிய முதல் படமும் அதுவே. கதை முழுக்க ஆஸ்பத்திரிக்குள். காலில் அடிபட்ட கால்பந்து வீரனுக்கு டாக்டர் பெண்மேல் காதல். அவள் அப்பாவோ அவளை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பத் துடிப்பவர். நோயை வைத்துக்கொண்டு சிரிக்க வைக்கும் சேதுவாக நாகேஷ் ஆட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். காதலர்கள்தான் பந்தைக் கால் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள், கோல் பக்கம் போகவில்லை. வியாசர்பாடியில் கால்பந்து ஆடி முட்டி போன பையன் வீட்டில் காதல் பேச்சே எழாது. ஐ.சி.எஃப்பிலோ கஸ்டம்ஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வரவேண்டிய வேலை என்ன ஆகும் என்றுதான் அம்மா முதலில் கேட்பாள்.