நிறுத்துவதும் அடிதான்

மாசித் திருவிழா மேடையில் பெண்கள் பறையடித்து முடித்ததும் திண்டுக்கல்லில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: "புள்ளைக நல்லாத்தான் ஆரம்பிச்சாக, கடைசியில தம்மு போயிருச்சு." இதைவிடத் தப்பான கணிப்பு இருக்க முடியாது.

குழுவின் முன்னால் நின்று அடியை எடுத்துக்கொடுக்கும் பெண்ணைக் கவனியுங்கள். விசில் பறக்கிறது, கூட்டம் இன்னும் வேகம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து வலக்கையின் அடிக்குச்சியை நிறுத்திவிடுகிறார். இடக்கையில் மூங்கில் சிம்புக்குச்சி மட்டும் தோலின் ஓரத்தில் பொரிந்துகொண்டிருக்கும். பின்வரிசையும் அடங்கிவிடும். கால் அடவு மட்டும் இம்மியும் மாறாது. களைத்தவருக்கு முதலில் தடுமாறுவது கால். அவர் காலில் ஒரு பிசிறு காட்டுங்கள் பார்ப்போம்! இரண்டு சுற்று அப்படியே விட்டு, எல்லாருடைய அடிக்குச்சியும் ஒன்றாக இறங்கும்போது நெஞ்சுக்கூடு அதிர்கிறதே, அது அந்த நிறுத்தத்தின் வேலை.

சாமிச்சாட்டோ சாவோ, அடி என்றால் அடிக்கவேண்டும், நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும். பறையடித்தவர்களை ஊர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடத்தியது. பெண்களைப் பறையைத் தொடவே விடவில்லை. 1990-களில் இங்கே தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். எப்போது அடிப்பது, எப்போது அடங்குவது என்ற முடிவும் அன்றே அவர்கள் கைக்கு வந்தது. கூட்டம் கேட்டும் இந்தப் பெண் வேகத்தைக் கொடுக்க மறுக்கிறாரே, அந்தத் துணிச்சல் அங்கிருந்து வருகிறது. தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதும் அவரே. விரலால் சுண்டி, கணீரென்று பேசும் வரை அடுத்தவர் கையில் கொடுப்பதில்லை.

2007-இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கிய பிறகு பறைக்கு நகரத்து மேடை கிடைத்தது நல்லதுதான். ஆனால் கிடைத்த நேரத்துக்குள் கைதட்டல் வாங்கும் அவசரமும் கூடவே வந்துவிட்டது. பல குழுக்கள் உச்சத்திலேயே தொடங்கி உச்சத்திலேயே முடிக்கின்றன. எனக்கு அது சலித்துவிட்டது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்குள் ஆண்கள் குழுக்களும் இந்த நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஏதாவதொரு சினிமாப் பாட்டில் வரும். இந்தப் பெண்ணின் பெயர் அதில் இருக்காது. இவரோ அதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பார். சினிமா கூப்பிட்டாலும் குழுவை விட்டுத் தனியாகப் போகமாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாசியில் இவருக்கு முழுசாக ஒரு மணி நேரம் கொடுங்கள். பாதியில் மைக்கைப் பிடித்து "சீக்கிரம் முடிங்கம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.