வண்டுக்கு அஞ்சும் தலைவியும் பூச்சியை நேசித்த இளவரசியும்

பூச்சியைக் கண்டு பெண் அஞ்சுவதாகக் காட்டுவது மேடைக்கலையில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு ஆகும். காளிதாசரின் சாகுந்தலத்தில் முதல் அங்கத்திலேயே வண்டு சகுந்தலையைத் துரத்துகிறது. மறைந்து நின்ற துஷ்யந்தன் காப்பவனாக வெளிப்படுகிறான். தமிழ்க் கோவை நூல்களில் 'வண்டோச்சி மருங்கணைதல்' என ஒரு துறையே உண்டு. வண்டை ஓட்டுவதுபோலத் தலைவன் தலைவியை நெருங்குகிறான். தொல்காப்பியம் பெண்ணுக்குரியதாகச் சொல்லும் அச்சம், இம்மரபில் ஆண் உள்ளே வருவதற்கான வாயிலாகிறது.

ஜப்பானியக் கதை

இம்மரபுக்கு நேர்மாறானது ஜப்பானின் ஹெய்யான் காலத்தை (794–1185) ஒட்டிய 'பூச்சிகளை நேசித்த இளவரசி' என்னும் கதை. அவள் புருவத்தை மழிப்பதில்லை. அரசவைப் பெண்களைப் போலப் பற்களுக்குக் கறுப்பு பூசுவதில்லை. கம்பளிப்புழுக்களை வளர்த்து, அவை உருமாறுவதைக் கவனிக்கிறாள். பட்டாம்பூச்சியை விரும்புவோர் அதன் மூலமான புழுவை வெறுப்பது ஏன் என்பதே அவள் கேள்வி. மியாசாகியின் 'நௌசிகா' (1984) திரைப்படத்துக்கு இக்கதையும் ஒரு தூண்டுதல்.

யோகோ ஓனோவின் 'ஈ' (1970) என்னும் படத்தில், அசையாமல் படுத்திருக்கும் பெண்ணின் உடல்மீது ஈ ஊர்கிறது. அங்கே அச்சம் இல்லை. ஆனால் ஈயைப் பின்தொடர்வது நம் பார்வையே, அவளுடையதன்று. அவ்வகையில் பழைய கதையின் இளவரசியே துணிவு மிக்கவள்.

மதுரையின் தும்பி

இறையனார் பாடிய குறுந்தொகை 2ஆம் பாடலில் தலைவன் தும்பியிடம், தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா எனக் கேட்கிறான். இங்கே தும்பி அச்சம் தருவதன்று. பல பூக்களை அறிந்த சாட்சி. எனினும் தலைவி பேசுவதில்லை. இப்பாடலையொட்டி எழுந்த, 'தருமிக்குப் பொற்கிழி அளித்த லீலை'யாக மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடைபெறும் கதையிலும், ஐயம் மன்னனுடையது, வாதம் இறைவனுக்கும் நக்கீரருக்கும் உரியது. கூந்தலுக்குரிய அரசியிடம் எவரும் கேட்பதில்லை.

மதிப்பீடு

பூச்சிக்கு அஞ்சுவது பொய்யன்று. மதுரையைச் சுற்றிய சிற்றூர்களில் கதண்டு கலைந்தால் ஆணும் பெண்ணும் ஒருசேர ஓடுவர். அந்த அச்சத்தைப் பெண்ணுக்கு மட்டும் அணியாகச் சூட்டுவதே குறை. பரதநாட்டியத்தில் வண்டைக் குறிக்கப் 'பிரமரம்' என்னும் முத்திரை உண்டு. அதைப் பிடிக்கும் மாணவி, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன் ஒரு கணம் வண்டை உற்று நோக்கலாம். முத்திரையோ பாடலோ மாற வேண்டியதில்லை, தலைவி மாறிவிடுவாள்.