நம்பிக்கையும் தலைமைச் சுமையும்: மு. தளையசிங்கம் பற்றிய ஒரு மறுநோக்கு

மு. தளையசிங்கத்தை (1935–1973) மார்க்சியர் மறுத்தமைக்குப் போதிய காரணங்கள் இருந்தன. மனித வரலாறு அறிவுநிலையின் படிமுறை ஏற்றமென்பது அவரது அடிப்படைக் கொள்கை. அன்னம், பிராணன், மனம் என்னும் தளங்களைக் கடந்து மனிதகுலம் அடுத்த தளத்துக்கு ஏறுங் காலம் நெருங்கிவிட்டதென்றும், கலை இலக்கியம் அவ்வேற்றத்துக்குத் துணைநிற்க வேண்டுமென்றும் அவர் நம்பினார். அரவிந்தரின் செல்வாக்கு இதிலே வெளிப்படை. பொருளுற்பத்தி உறவுகளுக்கு இத்திட்டத்தில் இரண்டாம் இடமே கிடைத்தது. இது கருத்துமுதல்வாதம் என்பதில் ஐயமில்லை; அவரும் அதனை மறைத்தவரல்லர். ஆயினும் ஒருவரைக் கருத்துமுதல்வாதி என்று பெயரிட்டவுடன் திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கருத்து எந்த மண்ணிலே, எத்தகைய உறவுகளுக்கிடையே, என்ன வேலை செய்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது. தளையசிங்கத்தைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கான விடையைப் புங்குடுதீவிலேயே தேடவேண்டும்.

யாழ்ப்பாணத் தீவகத்திலே நன்னீர் அரிது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படையாகவே தங்கும். அதனைச் சூழ்ந்து நிற்பது உவர்நீர். எனவே நல்ல தண்ணீர்க் கிணறு அங்கே சொத்தாகவும் அதிகாரமாகவும் இருந்தது. குடாநாடெங்கும் நிலவிய வழக்கம் இங்கே இருமடங்கு கொடுமையாயிற்று: ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றைத் தொடலாகாது; உயர்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்திருத்தல் வேண்டும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியிருந்தது. சட்டம் வந்தது, கிணற்றடி வழக்கம் மாறவில்லை. 1971 இல் புங்குடுதீவிலே ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் தம் தோழர்களுடன் அறப்போரில் இறங்கினார். பொலிசார் அவரைத் தாக்கினர், சிறையும் வாய்த்தது. அதன்பின் நலங்குன்றிய அவர், நாற்பதை எட்டுமுன்னரே, 1973 ஏப்ரல் 2 இல் மறைந்தார். அக்கிணற்றில் நீர் அள்ள அவருக்கு எத்தடையும் இருந்ததில்லை என்பது இங்கே நினைவில் இருத்தத்தக்கது.

அவருடைய எழுத்தையும் இச்செயலையும் தனித்தனியே வைத்து நோக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவரைப் போற்றுவோர் பெரும்பாலும் 'போர்ப்பறை' (1970), 'மெய்யுள்' (1974) ஆகிய நூல்களின் தத்துவத்தில் ஆழ்ந்து, கிணற்றடிச் சம்பவத்தை வாழ்க்கைக் குறிப்பின் இறுதி வரியாக்கிவிடுகின்றனர். மறுப்போரும் அத்தத்துவத்தோடு பொருதிவிட்டு அவ்வரியை வாசிக்காமலே நூலை மூடுகின்றனர். ஆனால் இரண்டையும் பிரிக்க அவரது கொள்கையே இடந்தருவதில்லை. எழுதுபவன் தான் எழுதும் சத்தியத்தை வாழவேண்டும், வாழ்வுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள கோடு அழியவேண்டும் என்பதே அவர் இலக்கியக் கோட்பாட்டின் மையம். அக்கோட்பாட்டை அது கேட்ட விலையோடு சேர்த்தே மதிப்பிடுதல் முறையாகும்.

அவ்வாறு நோக்கும்போது அதனுள்ளே ஒரு தலைமைக் கோட்பாடு பொதிந்திருப்பது தெரியவரும். புதிய யுகம் முதலில் ஒருவனுடைய உள்ளத்தில் நிகழும். அங்கிருந்து சமூகத்துக்குப் பரவும். அப்படியாயின் யுகத்தின் முழுப் பாரமும் அந்த ஒருவன் தோளிலேதான் விழும். அவன் சோர்ந்தால் யுகமே சோர்ந்ததாகும். ஐயங்கொள்ளவும் அவனுக்கு உரிமையில்லை. பகிர்ந்துகொள்ளக் குழு இருந்தாலும் அக்குழு அவன் ஒளியையே நோக்கி நிற்கும். நம்பிக்கை அவனுக்கு வலிமை தருகிறது. அதே நம்பிக்கை சுமையை இறக்கிவைக்க இடந்தராமலும் செய்கிறது. காந்தியிடமும் இந்த இக்கட்டைக் காணலாம்: இயக்கம் வழிதவறியபோதெல்லாம் தம் உடலையே வருத்தி உண்ணாநோன்பிருந்தார். 1927 இல் அவர் யாழ்ப்பாணம் வந்து சென்றது முதல் இவ்வகை அறத்தலைமை இங்கும் பலரை ஈர்த்தது. எனது நோக்கில் தளையசிங்கத்தின் அடிப்படைக் குறைபாடு ஆன்மிகத்தை நம்பியதில் இல்லை. தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களைத் தம் கொள்கையிலும் காத்திருப்பவர்களாகவே அவர் வைத்துவிட்டார் என்பதே அது.

அவர் காலத்திலேயே வேறொரு வழி கண்முன் இருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், தேநீர்க்கடைப் பிரவேசங்கள், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியவற்றிலே ஒடுக்கப்பட்டோர் தாமே முன்நின்றனர். அங்கும் அடியும் சாவும் இருந்தன, தலைவர்களும் இருந்தனர். ஆயினும் ஒருவர் வீழ்ந்தால் இன்னொருவர் அவ்விடத்துக்கு வரும் அமைப்பு இருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) தனியொரு வீரனைச் சுற்றி அமையாது ஒரு சமூகத்தையே கதைமாந்தராக்கியமைக்கு இவ்வனுபவமே ஊற்று. கலைநயம் குறைந்த நாவலென்று அதனை ஒதுக்குவோர், அதன் பரந்து சிதறிய அமைப்பிலே தலைமை பற்றிய ஒரு கருத்து உண்டென்பதைக் கவனிப்பதில்லை. 'மெய்யுள்' வடிவங்களின் எல்லையை உடைக்க முயன்ற நூல்தான். ஆனால் அதிலே கேட்கும் குரல் பெரிதும் ஒன்றே.

இவ்வொப்பீட்டை இத்துடன் நிறுத்தினால் அது நமக்கு வசதியானதாகவே முடியும். 1971 இல் கொழும்பில் ஆட்சியிலிருந்தது இடதுசாரிக் கட்சிகள் இரண்டு பங்குகொண்ட கூட்டரசாங்கம். ஏப்ரல் கிளர்ச்சியின் பின் அவசரகாலச் சட்டம் நிலவிய ஆண்டு அது. வெகுசன இயக்கத்துக்கு வழிகாட்டிய நா. சண்முகதாசனும் அவ்வாண்டில் தடுத்துவைக்கப்பட்டார். அத்தகைய அரசின் பொலிசே தீவகத்தின் சாதிமான்களுக்குக் காவலாயிற்று. வர்க்கப் பகுப்பாய்வைக் கையில் வைத்திருந்தோர் அமைச்சரவையில் இருக்க, வர்க்கப் பகுப்பாய்வை மறுத்த ஒரு பக்தர் கிணற்றடியில் அடிவாங்கினார். இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நாடாளுமன்ற இடதுசாரிகளின் அதிகாரப் பகிர்வு எத்தகையது என்பதைக் காட்டும் சான்றாகவும் இது அமைகிறது. இலத்தீன் அமெரிக்காவில் கமிலோ தோரஸ் என்ற பாதிரியார் 1966 இல் கெரில்லாவாக மாண்டபோது, மதநம்பிக்கை போராட்டத்துக்கு உந்துதலாகலாம் என்பதை நம்மவர் தயங்காது ஒப்புக்கொண்டனர். புங்குடுதீவைப் பற்றி அவ்வாறு ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. தூரத்துப் புரட்சியாளர் எப்போதும் நமக்கு இலகுவானவர்.

2009 க்குப் பின் தளையசிங்கத்தை வாசிப்பவர் இன்னொன்றையும் மறக்க இயலாது. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களில் தமிழரசியலிலே தலைமை புனிதமாயிற்று, கேள்விக்கு அப்பாற்பட்டதாயிற்று. அதற்கும் ஆயுதமேந்தாத இவ்வெழுத்தாளருக்கும் நேரடித் தொடர்பு காட்டுவது அநீதி. ஒருவரே அனைத்தையும் சுமப்பார் என்ற நம்பிக்கை மட்டும் இரண்டுக்கும் பொதுவான மண்ணிலே விளைந்தது. அம்மண்ணின் பெயர், தனித்தனி வளவுகளாகவும் சாதிகளாகவும் பிரிந்து கிடந்து, கூட்டாகச் செயற்படப் பழகாத ஒரு சமூகம்.

1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டனர். 1971 இல் குடத்துடன் அக்கிணற்றடிக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் இன்று உயிரோடிருப்பின் எழுபதைக் கடந்திருப்பர். தளையசிங்கம் பற்றி எழுதப்பட்ட ஏராளமான பக்கங்களிடையே அவர்களது வாய்மொழி இடம்பெற வேண்டும். அன்று முன்வந்தவர் யார், தயங்கியவர் யார், அவர் சிறை சென்ற பின் அடுத்த நாட் காலையில் தண்ணீர் அள்ளியவர் யார் என்பவற்றை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். நமது பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ஒருவர் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் புங்குடுதீவுக்குச் சென்று இப்பணியைத் தொடங்கலாம்.