நனவோடை: யாருக்கு ஓடை, யார் படர்க்கை?

நனவோடை என்று பேச்செடுத்தாலே தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நடுத்தர வர்க்கத்து ஆசாமி சாய்வு நாற்காலியில் கிடந்து தன் மனசைத் தானே நோண்டிக்கொள்கிற வேலை, வரலாற்றிலிருந்து தப்பியோடும் உத்தி என்கிறார்கள். எழுத்தாளர்களோ முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் நனவோடை வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரு தரப்புமே பிரதிகளுக்குள் போய்ப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

வில்லியம் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’ (1929) நாவலின் முதல் பகுதி பெஞ்சியின் மனசுக்குள் நடக்கிறது. 33 வயது, பேச்சு வராதவன், நேற்றும் இன்றும் அவனுக்கு ஒன்றுதான். வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்கள் பை தூக்குகிற பையனை ‘காடி’ என்று கூப்பிடுகிறார்கள். வீட்டை விட்டுப் போன அக்காவின் பெயரும் அதுவே. அழுகிறான். வாசகருக்கு முதலில் ஒண்ணும் புரியாது. பிறகுதான் தெரிகிறது: அந்தப் புல்வெளி முன்பு இவர்கள் குடும்பச் சொத்து. அண்ணன் குவென்டினை ஹார்வர்டில் படிக்கவைக்க விற்றிருக்கிறார்கள். நிலம் கைமாறிய கதை ஓர் அழுகைக்குள் கிடக்கிறது. வரலாறு எங்கேயும் ஓடிப்போகலை, உள்ளேதான் இருக்கு.

சிக்கல் வேறிடத்தில். நான்கு பகுதிகளில் மூன்றைச் சகோதரர்கள் மூவர் தன்மையில் சொல்கிறார்கள். மூவரின் நினைப்பும் காடியையே சுற்றுகிறது. அவளுக்கு ஒரு பகுதி கிடையாது. அந்த வீட்டையே தாங்கி நிற்கிற கறுப்பினப் பணிப்பெண் டில்ஸி நான்காம் பகுதியின் மையம். அங்கே மட்டும் ஃபாக்னர் படர்க்கைக்கு மாறிவிடுகிறார். அவள் முகம், உடை, கண்ணீர் எல்லாம் வெளியிலிருந்தே தெரிகின்றன. 1946ல் வெளியான பின்னிணைப்பில் ஜேஸனுக்கும் காடிக்கும் நீளநீளமாக எழுதியவர், டில்ஸியின் பெயருக்கு நேரே இரண்டே சொல் எழுதினார். கறுப்பு மனதுக்குள் நுழையத் தனக்கு உரிமையில்லை என்கிற அடக்கம் அது என்று வாதிடலாம். இருக்கட்டும். ஆனால் டில்ஸி பொறுமையின் சிலையாகிப் போனாள்.

டோனி மாரிசன் 1955ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா வுல்ஃபையும் ஃபாக்னரையும் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவர். அவருடைய ‘பிலவட்’ (1987) நாவலில், அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கூடாதென்று தாய் சேத்தியே கொன்ற குழந்தை இளம்பெண்ணாகத் திரும்பி வருகிறாள். அவள் தன்மையில் பேசும் சில பக்கங்களில் நிறுத்தற்குறிகள் இல்லை, சொற்களுக்கிடையே வெற்றிடம். குழந்தையின் நினைவோடு அடிமைக் கப்பலில் பிணங்களோடு நெருக்கியடித்துக் கிடந்தவர்களின் நினைவும் கலக்கிறது. அந்தக் குழந்தை கப்பலில் போனவள் அல்ல.

1890ல் சிந்தனையை ஓடையாக உருவகித்த வில்லியம் ஜேம்ஸ், ஒவ்வோர் எண்ணமும் ஒரு தனிமனிதத் தன்னிலைக்குச் சொந்தம் என்றார். உடம்பே இன்னொருத்தனுக்குச் சொந்தமாயிருந்த சனங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? மாரிசன் அந்தக் கரையை உடைக்கிறார். ‘நான்’ எங்கே முடிந்து ‘நாங்கள்’ எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடத்தில்தான் அவர் நிறுத்தற்குறியை நீக்குகிறார்.

தோழர்களே, கூலியை எழுதுகிறோம், அடியை எழுதுகிறோம், ஊர்வலத்தை எழுதுகிறோம். அந்த மனுசி என்ன நினைச்சான்னு கேட்டா ஒரு முழக்கத்தை அவள் வாயில் வைத்துவிடுகிறோம். ஊர்வலத்தின் நடுவிலும் அடுப்பில் வைத்த பாலும், செத்துப்போன தங்கச்சியும், தீராத கடனும் ஒன்றாய் ஓடுகிற மனசு அவளுக்கும் உண்டு. உங்கள் கதையை எடுத்துப் பாருங்கள்: யாருக்கு ஓடை கொடுத்திருக்கிறீர்கள், யாரைப் படர்க்கையில் நிறுத்தியிருக்கிறீர்கள்? முற்றுப்புள்ளியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.