சரித்திரக் கதை இரசிகருக்கு ஒரு சபை: டெலிகிராமை உபயோகித்துப் பார்த்ததில்

2013ஆம் ஆண்டிலே பாவெல் துரோவ், நிக்கொலாய் துரோவ் என்னும் ரஷ்யச் சகோதரர் இருவர் தொடக்கிவைத்த டெலிகிராம் என்னும் செயலி, செய்தி அனுப்பும் சாதனமென்றே பெரும்பாலோரால் அறியப்பட்டிருப்பினும், அதனை நான் சில காலமாக உபயோகித்து வருவது வேறொரு காரியத்துக்காக: கல்கி, சாண்டில்யன், அகிலன் முதலியோரின் சரித்திர நாவல்களிலும், அவற்றை ஒட்டிப் பிறந்த திரைப்படங்களிலும், இன்னோரன்ன தொலைக்காட்சித் தொடர்களிலும் மனத்தைப் பறிகொடுத்த அன்பர் பலர், தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஒன்றுகூடி ஓயாது வாதாடிக்கொண்டிருக்கும் குழுவொன்றில், இலங்கையின் இந்த அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து நானும் ஓர் அங்கத்தவனாயிருந்து பேசுவதற்காக.

இத்தகைய சபைக்கு நம்மவரிடையே பூர்வீகம் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்தபோது, ஓர் இதழுக்கும் மறு இதழுக்கும் இடையிலிருந்த அவகாசமே வாசகரின் வாதத்துக்குரிய காலமாயிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் இரவிரவாக ஆடப்பட்டு வந்தன. விடிந்து பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பிரிப்புக்கு, போகிற வழியிலும் கூத்தின் நியாய அநியாயங்களைப் பேசிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் சனங்கள். இணையம் வந்த பின்னர், பொன்னியின் செல்வன் பெயராலேயே யாஹூவின் குழுமமொன்றில் ஒரு பெருங்கூட்டம் சேர்ந்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டின் இறுதியில் யாஹூ தன் குழுமங்களின் பழைய பதிவுகளையெல்லாம் அகற்ற முற்பட்டு, 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே மூடிவிட்டது. அதன் பிறகு 2022 செப்டம்பர் 30ஆம் திகதியும் 2023 ஏப்ரல் 28ஆம் திகதியும் அந்நாவலைத் தழுவிய மணிரத்தினத்தின் படங்கள் இரண்டும் திரைக்கு வந்து, நாவலைத் தொட்டும் பாராத இளைஞரையெல்லாம் அதன் நாயகன் வந்தியத்தேவனைப் பற்றி விசாரிக்க வைத்தபோது, அவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேச ஓரிடம் வேண்டியிருந்தது.

அவ்விடமாக இச்செயலி பொருந்துவதற்கு முதற்காரணம், 2022 நவம்பரில் இதன் குழுக்களில் சேர்க்கப்பட்ட தலைப்பு வசதி. ஒரே குழுவுக்குள் நாவலுக்கு ஒன்று, திரைப்படத்துக்கு ஒன்று, கல்வெட்டுக்கு ஒன்று, தொலைக்காட்சித் தொடருக்கு ஒன்று என்று நிர்வாகி பிரித்துவைத்துவிட்டால், திரைப்படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே இல்லாமற் போனதற்காகப் புலம்புவோர் ஒருபுறம் ஆசைதீரப் புலம்ப, சாசனம் படிப்போர் மறுபுறம் இடையூறின்றிப் படிக்கலாம். வட்ஸ்அப் குழுவில் இவையனைத்தும் ஒரே பெருக்காக, காலை வணக்கப் படங்களோடும் மரண அறிவித்தல்களோடும் கலந்து ஓடுவதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொலைக்காட்சித் தலைப்பிலே, இலங்கையின் ரூபவாஹினியில் சிங்கள மொழிமாற்றத்தோடு ‘சுஜாத தியணி’ என ஒளிபரப்பான கொரிய அரண்மனைத் தொடரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதும், அதுவரை வாய் திறவாதிருந்த இலங்கை அங்கத்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது, 2021ஆம் ஆண்டின் கடைசியில் வந்த வசதி. எழுதிய வாக்கியத்தைப் புள்ளிப் படலத்தால் மூடிவைப்பது. விரலால் தொட்டாலொழிய அது படிக்கக் கிடைக்காது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது, நாவலை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியவரிடம் சொல்லத் தகாத விஷயம். வாசித்து முடித்தவரோ அதைப் பேசாமல் இருக்கவும் முடியாது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகளெனக் குறிப்பிட்டு, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் பறிபோனதைக் கூறுகிறதென்று ஒருவர் எழுத, அப்படியானால் கல்கி ஏன் பழியை இத்தனை பேர் மேலும் நிழலாகப் படரவிட்டார் என்று மற்றொருவர் மறுக்க, இவ்வளவும் மூடிய திரைக்குள்ளேயே நடக்கிறது. புதிதாக வாசிப்பவரின் சுவாரசியம் கெடுவதில்லை. எழுதியதைத் தெரிவுசெய்து, பட்டியலைத் திறந்து, அதிலிருந்து இவ்வசதியைத் தேடி எடுக்கவேண்டியிருப்பதால் வயதானவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது மட்டும் குறை.

ஆனால் இச்செயலியை நான் மெச்சுவது முக்கியமாக அதன் குரல் அரங்கத்துக்காக. 2020 டிசம்பர் முதல் இருந்துவரும் இவ்வசதியில், நிர்வாகி அரங்கத்தைத் திறந்துவிட்டால் எவரும் நுழைந்து கேட்கலாம். பேச விரும்புவோர் கையுயர்த்தும் பொத்தானை அழுத்திக் காத்திருக்கலாம். இடைமறித்துக் கூச்சலிடுவோரின் வாயை நிர்வாகி அடைக்கலாம். ஒருநாள் இரவு ‘பொன்னியின் செல்வ’னில் வரும் ஈழப் போர்க் கதை வந்தது. பிக்குகள் அளிக்கவந்த இலங்கைச் சிம்மாசனத்தை, பின்னாளில் இராஜராஜனான அருள்மொழிவர்மர் மறுத்த கட்டத்தைத் தமிழக அன்பர் ஒருவர் உருக்கமாகச் சொல்லி முடித்தபின், சரித்திரம் அதோடு முடியவில்லையே என்று நான் குறுக்கிட நேர்ந்தது. ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் மலைநாட்டின் தென்விளிம்பில் நிற்கும் எங்கள் ஊரிலிருந்து, பனிமூட்டம் விலகிய காலைகளில் தெற்கே தாழ்ந்து விரிந்து கிடக்கும் சமவெளியைப் பார்க்கலாம். பழைய வரலாறு ரோகணம் என்று வழங்கும் நாடு அத்திசையிலேதான். ஊதியம் கிடைக்காத படைவீரரின் கலகத்துக்கு அஞ்சி சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் அநுராதபுரத்தைவிட்டு ஓடி ஒளிந்தது அங்கேதான். அநுராதபுரத்தை இராஜராஜனின் படை 993 அளவில் கைப்பற்றி, பொலன்னறுவையை ஜனநாதமங்கலமாக்கிய பின்னரும், அந்த அரசன் அங்கேயே இருந்தான். 1017இல் இராஜராஜனின் மகன் இராஜேந்திரனின் சேனை அவனைச் சிறைப்பிடித்து முடியோடும் சோழ நாட்டுக்குக் கொண்டுசென்றது. அரை நூற்றாண்டு கழித்து, 1070இல், சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு புறப்பட்டு வந்ததும் அதே ரோகணத்திலிருந்துதான். தோற்றவன் ஒளிந்த நாடும் வென்றவன் எழுந்த நாடும் என் ஜன்னலுக்குக் கீழே கிடக்கையில், வெற்றி பெற்ற ஒரு தரப்பின் கதையை மட்டும் கேட்டுக் கண்ணீர் உகுப்பது எனக்குச் சாத்தியமாகவில்லை. இதை அரங்கத்தில் சொன்னதும் சிறிது மனத்தாங்கல் எழுந்தது உண்மை. ஆயினும் நிர்வாகி கையுயர்த்தியவர் ஒவ்வொருவரையும் வரிசையாகப் பேசவிட்டதால், வாதம் வசையாகாமல் நள்ளிரவுவரை சென்றது. அன்று பேசியவர்களில் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு சகோதரியும் உண்டு; குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. பொன்னர் சங்கரில் அருக்காணித் தங்காள் அண்ணன்மாரைத் தேடி வரும் கட்டத்தை அவர் தம் தகப்பனாரிடம் கேட்ட விதமாகவே எடுத்துரைத்தபின், மலையகக் கூத்துக்கென்று தனித் தலைப்பொன்று திறக்கப்பட்டது.

தேடும் வசதி விரைவானது. எனினும் தமிழுக்கு அது அரைகுறை. வந்தியத்தேவன் என்று முழுப் பெயரையும் இட்டால், வந்தியத்தேவனை, வந்தியத்தேவனுக்கு என்று எழுதியவையெல்லாம் அகப்படாமற் போகின்றன. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோரின் வாசகங்களை தமிழெழுத்தில் தேடி மீட்க இயலாது. ஆகவே தமிழெழுத்தில் எழுதுவதைக் குழு ஒரு விதியாகவே வைத்துக்கொள்வது நலம். வேறொரு சௌகரியம், இன்று சேருபவரும் முதல் நாளிலிருந்து நடந்த சம்பாஷணை முழுவதையும் நிர்வாகியின் அனுமதியோடு படிக்கலாம் என்பது. குழுவில் இரண்டு இலட்சம் பேர்வரை சேரலாமாம். அவ்வளவு பேர் சேர்ந்தால் அது சபையாயிராது, சந்தையாகிவிடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் டேட்டாக் கட்டணம் ஏறிக்கிடக்கும் நம் நாட்டில் அவசியமான எச்சரிக்கை ஒன்றுண்டு: படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிடாவிட்டால், போட்ட ரீலோட் கரைந்துபோகும். குரல் அரங்கம் அவ்வளவு டேட்டா தின்பதில்லை. மாலையில் பனி ஏறி, தொழிலாளர் குடியிருப்பான லயங்களின் பின்புறத்தில் சமிக்ஞை மெலிந்துவிடும்போது பேச்சு அறுந்தறுந்து வருவது செயலியின் குற்றமன்று.

குற்றமென்று சொல்லத்தக்கவை வேறு. 2 ஜிகாபைட் அளவுவரை கோப்பு அனுப்பலாம் என்ற தாராளத்தினால், இச்செயலி திருட்டுப் படங்களும் திருட்டு நூல்களும் குவியும் இடமாகவும் ஆகியிருக்கிறது; பதிப்புரிமை மீறியவர்களின் விவரங்களை ஒப்படைக்குமாறு 2022 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை; அவற்றைத் தாராளமாகப் பகிரலாம். பிறருடைய நூல்களை அவ்விதம் எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று: இரகசியம் காக்கும் செயலி என்று பலர் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை குழுக்களுக்குப் பொருந்தாது. எழுத்துரையாடல்களைப் பொறுத்தவரை, இருவர் மட்டும் பேசும் இரகசிய உரையாடலில்தான் முழு மறைகுறியாக்கம் உண்டு. குழுவில் எழுதுவதெல்லாம் அந்நிறுவனத்தின் கணினிகளில் அதன் கைக்கெட்டும் நிலையிலேயே தங்குகிறது. 2024 ஆகஸ்டில் பாவெல் துரோவ் பிரான்ஸில் கைதான பின்னர், சட்டபூர்வமான கோரிக்கை வந்தால் பயனரின் தொலைபேசி எண்ணையும் இணைய முகவரியையும் கொடுப்பதாக நிறுவனமே அறிவித்தது. சோழ இளவரசி குந்தவையைப் பற்றிப் பேச இது தடையன்று. குடும்ப விஷயமும் தொழிற்சங்க விஷயமும் பேச இது இடமன்று.

டிஸ்கோர்டும் இதே வேலையைச் செய்யவல்லது. ஆனால் கணினி விளையாட்டுக்காரரை மனத்திற்கொண்டு அமைந்த அதன் அறைகளுக்குள் வழிகண்டு போக எங்கள் அங்கத்தவரில் பாதிப்பேருக்குப் பொறுமையில்லை. வட்ஸ்அப் எல்லார் கையிலும் இருக்கிறது, முழு மறைகுறியாக்கமும் உடையது. எனினும் நிதானமான விவாதத்துக்கு அது ஏற்றதல்ல என்பதே என் அபிப்பிராயம். சரித்திரக் கதை இரசிகர் சபைக்கு இன்று கிடைப்பவற்றுள் டெலிகிராமே சிறந்தது. யாஹூவுக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாமாதலால், கணினிப் பதிப்பிலுள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு குழுவின் உரையாடல்களை நிர்வாகிகள் அவ்வப்போது பிரதியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர விரும்பும் அன்பர்கள், குறிப்பாகப் பெண்கள், எந்தக் குழுவிலும் நுழையுமுன், தனியுரிமை அமைப்புகளைத் திறந்து, தங்கள் தொலைபேசி எண்ணை எவரும் பார்க்கக்கூடாது என்று மாற்றிவிட்டு அதன் பின்னரே சேருவார்களாக.