மூன்றாம் தண்டவாளத்தைப் பிடுங்கலாமா?

மாதிரி ரயில் என்ற சொல்லைப் பார்த்ததும் இது சிறுவர் பகுதிக்கு உரிய செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்லூரிப் பாடத்தில் மின் மோட்டாரைப் பற்றி நாம் எழுதிப் பார்க்கும் சமன்பாடுகள் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஞ்சினுக்குள் உயிரோடு இருக்கின்றன. அந்த எஞ்சினைப் பழுதுபார்க்கிறோம், புதுமைப்படுத்துகிறோம் என்று கிளம்புகிறவர்கள் அவற்றை மறந்துவிடுவதால் நேரும் கேடுகளும் உண்டு. அந்தக் கேடுகளில் ஒன்றைச் செய்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது அங்கே ஒரு பழைய பொருட்கடையில் ஹார்ன்பி டப்ளோ ரயில் ஒன்றை வாங்கிவந்தார். பச்சை வண்ணம் பூசிய 'டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்' எஞ்சின், மூன்று பெட்டிகள், ஒரு வட்டத்துக்குப் போதுமான தண்டவாளம். வாங்கும்போதே அது இரண்டாம் கை. பத்தாண்டுகளாக ஓடாமல் கிடந்ததை என்னிடம் கொடுத்து, "ஓட வைக்க முடியுமா பாருங்க தம்பி" என்றார். வெளிநாட்டிலுள்ள அவருடைய பேரன் வேறொரு யோசனை சொல்லியிருந்தார். மூன்று தண்டவாள முறை காலாவதியானது. இரண்டு தண்டவாள முறைக்கு மாற்றிவிடலாம். காந்தத்தையும் எடுத்துவிட்டு நியோடிமியக் காந்தம் பொருத்திவிடலாம் என்பது அந்த யோசனை. பழைய மாதிரி ரயில்களை வாங்கிச் சீர்செய்யும் பலர் உலகெங்கும் செய்வதும் இதுதான். இது சரிதானா என்று ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் பொருளை மதிப்பிடுவோம். லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் ஹார்ன்பி டப்ளோவை வெளியிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 16.5 மி.மீ.; மின்னழுத்தம் 12 வோல்ட் நேர்மின்சாரம். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில், அதாவது உண்மையின் 76-இல் ஒரு பங்காக, எஞ்சின்கள் சிறிதாக்கப்பட்டன. இங்கேதான் முதல் குறை. பிரிட்டிஷ் ரயில்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்றால் அது 18.83 மி.மீ. ஆக வேண்டும். 16.5 மி.மீ. என்பது இந்த அளவில் 4 அடி 1½ அங்குலம்தான். ஏழு அங்குலம் காணாமற் போய்விட்டது! அகலம் 16.5 மி.மீ. என்பது அடிக்கு 3.5 மி.மீ. என்ற அளவுக்குப் பொருந்துவது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை, 3.5 மி.மீ. அளவில் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே நுழையாது. எனவே உடலை மட்டும் பெரிதாக்கிக் கால்களை அப்படியே விட்டார்கள். முன்னால் நின்று பார்த்தால் பருத்த உடலும் ஒட்டிய கால்களுமாக அந்த எஞ்சின் நிற்பது தெரியும். (நம் அகலப்பாதை 1676 மி.மீ., மீட்டர்பாதை 1000 மி.மீ.; டப்ளோவின் பாதையை 76 மடங்கு பெருக்கினால் 1254 மி.மீ. வருகிறது. இரண்டிலும் சேராத ஒரு தேசம்!)

இந்தக் குறையைத் திருத்த 18.83 மி.மீ. பாதையையே தம் கையால் அமைத்துக்கொள்ளும் பொறுமைசாலிகள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அது தனிக் கலை. பழைய எஞ்சினுக்கு அது ஒவ்வாது.

இனி மூன்றாம் தண்டவாளம். நடுவிலுள்ள தண்டவாளத்தின் வழியே மின்னோட்டம் வருகிறது. எஞ்சினின் அடியில் கரண்டி வடிவத்தில் உள்ள தகடு அதில் உராய்ந்து மின்னோட்டத்தைப் பெறுகிறது. இரு பக்கத் தண்டவாளங்களும் சேர்ந்து திரும்பு பாதையாகின்றன. "உண்மை ரயிலுக்கு நடுவில் ஒரு தண்டவாளம் ஏது?" என்பது இதன்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு. தோற்றத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. மெக்கானோ நிறுவனமும் 1959-இல் இரண்டு தண்டவாள முறைக்கு வந்துவிட்டது. ஆயினும் மின்னியல் நோக்கில் மூன்று தண்டவாள முறை தாழ்ந்தது அன்று.

ஒரு தாளில் தண்டவாளத்தை வரைந்து பாருங்கள். ரயில் ஒரு கண்ணியைச் சுற்றி, வந்த வழியிலேயே திரும்பும்படி பாதையை வளையுங்கள். இரண்டு தண்டவாள முறையில் இடத் தண்டவாளம் போய் வலத் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும். நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படும். தனியே இடைவெளி விட்டு, மின்திசை மாற்றும் பொத்தான் வைத்தாக வேண்டும். மூன்று தண்டவாள முறையில் நடுவானது எப்படி வளைந்தாலும் நடுவாகவே இருக்கும். ஓரங்கள் இரண்டும் ஒரே முனை. இடம் மாறினாலும் கேடில்லை. சக்கரங்களையும் அச்சையும் ஒன்றிலிருந்து ஒன்று மின்காப்புச் செய்ய வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொரு வேறுபாட்டை நானே சோதனை செய்துதான் நம்பினேன். இரண்டு தண்டவாள முறையில் எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அது முன்பு போன திசையிலேயே போகும். முன்பு முன்னோக்கிப் போனது இப்போது பின்னோக்கிப் போகும். டப்ளோவின் மூன்று தண்டவாளத்தில் அப்படியன்று. எஞ்சினைத் திருப்பி வைத்தால் அது தன் மூக்கு நோக்கும் பக்கமே போகும். ஆகவே ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை எதிரெதிராக வைத்தால் மோதும். முதலாவது முறையில் திசை பாதைக்கு உரியது. இரண்டாவதில் எஞ்சினுக்கு உரியது. இரண்டுக்கும் காரணம் என்ன என்று மாணவர்கள் தாமே சிந்தித்துக் காணலாம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் நடுத் தண்டவாளத்தைச் சிறு குமிழ்களாக மாற்றிக் கண்ணுக்கு மறைத்து, அந்த முறையை இன்றுவரை கைவிடாமல் வைத்திருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றுவதானால் என்ன செய்ய வேண்டும்? ஒரு பக்கத்து இயக்கு சக்கரங்களை அச்சிலிருந்து கழற்றி மின்காப்புள்ள சக்கரங்களைப் பொருத்த வேண்டும். பழைய சக்கரங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இறுக்கி அடித்த சக்கரத்தைப் பெயர்க்கும்போது அது விண்டுபோனால் அதோடு சரி. இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்தவை என்றால் நிலைமை இன்னும் மோசம். துத்தநாகத்தில் ஈயம் சிறிதளவு கலந்திருந்தாலும் உலோகப் படிகங்களின் எல்லைகளில் அரிப்பு நுழைந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் வீங்கி, வெடித்து, பிஸ்கட்டு போல உதிர்கிறது. இதற்கு மருந்து கிடையாது. வார்ப்பின்போதே தூய்மையான துத்தநாகம் பயன்படுத்துவது ஒன்றே தடுப்பு. இரண்டாம் கை டப்ளோ வாங்க நேர்ந்தால் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல் அடிச்சட்டத்திலும் சக்கரங்களிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். எஞ்சினைத் திறந்தேன். திசைமாற்றியில் கரி படிந்திருந்தது. பழைய எண்ணெய் கோந்து போல இறுகியிருந்தது. சாராயத்தில் துணி நனைத்துத் துடைத்தேன். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பன்னிரண்டு வோல்ட் கொடுத்ததும் ஓடியது! மூன்று பெட்டிகளோடு 0.6 ஆம்பியர், சக்கரங்களைத் தூக்கிப் பிடித்தால் 0.25 ஆம்பியர். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆர்மேச்சரையும் முழுமையாகச் சுத்தம் செய்துவிடலாம் என்ற ஆசையில் அதை உருவி எடுத்து, இரவு முழுவதும் மேசைமேல் தனியே வைத்துவிட்டேன்.

மறுநாள் பூட்டி ஓட்டினேன். சக்கரங்களைத் தூக்கிப் பிடித்தபோது முன்னைவிட வேகமாகச் சுழன்றது, மகிழ்ந்தேன். பாதையில் பெட்டிகளோடு வைத்ததும் தள்ளாடியது. மின்னோட்டம் 1.07 ஆம்பியர். ஐந்து நிமிடத்தில் மேல்மூடியைத் தொட முடியவில்லை.

நடந்தது இதுதான். அந்த மோட்டாரில் இருப்பது அல்னிகோ காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு, இரும்பு சேர்ந்த கலவை. 1931-இல் ஜப்பானிய அறிஞர் மிஷிமா கண்டறிந்த நிக்கல்-அலுமினிய எஃகின் வழிவந்தது. இதன் காந்தத் தேக்குத்திறன் மிகுதி; ஆனால் காந்த நீக்கு விசையை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. ஆர்மேச்சரின் இரும்பு, காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்கும் பாலமாக இருக்கிறது. அதை உருவினால் காந்தச் சுற்று திறந்துகொள்கிறது. காந்தத்தின் முனைகளே அதன் உட்புறத்தில் எதிர்ப்புலத்தை உண்டாக்கி அதைப் பலவீனமாக்குகின்றன. ஆர்மேச்சரை மீண்டும் பொருத்தினாலும் இழந்தது திரும்பாது. சட்டக் காந்தங்களைப் பெட்டியில் வைக்கும்போது முனைகளில் தேனிரும்புத் துண்டு வைக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்லுகிறவன் நான்!

காந்தம் குன்றினால் மோட்டார் ஏன் வேகமாக ஓடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். சுழலும் சுருளில் எதிர் மின்னியக்கு விசை உண்டாகிறது. அது காந்தப்புலம், வேகம் ஆகிய இரண்டின் பெருக்கலுக்கு நேர்விகிதம். புலம் குறைந்தால் அதே எதிர் விசையை உண்டாக்க அதிக வேகம் வேண்டும். சுமை இல்லாதபோது மோட்டார் அந்த வேகத்தை எட்டிவிடுகிறது. சுமை ஏறியதும் திருப்பு விசை தேவைப்படுகிறது. அது புலம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல். புலம் பாதியளவு ஆகிவிட்டால் மின்னோட்டம் இரு மடங்காக வேண்டும். என் அளவுகளைப் பாருங்கள். சுருளின் மின்தடை 9 ஓம். முன்பு 0.6 ஆம்பியரில் சுருளில் வெப்பமாக வீணானது சுமார் 3.2 வாட். பின்பு 1.07 ஆம்பியரில் 10 வாட்டுக்கு மேல். மூன்று மடங்கு சூடு; வேகமோ குறைவு. இரண்டாம் கை எஞ்சின் வாங்கும்போது கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்து "பாருங்கள், எப்படிப் பறக்கிறது!" என்று காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பறப்பு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சுமையோடு ஓடும்போது அம்மீட்டர் காட்டுவதே உண்மை.

அப்படியானால் பேரன் சொன்னபடி நியோடிமியக் காந்தம் போட்டுவிடலாமே என்று தோன்றும். 1980-களில் வந்த இக்காந்தம் எளிதில் வலிமை இழப்பதில்லை என்பது உண்மை. மின்னோட்டம் குறையும், சூடும் குறையும். இதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று பல் கொண்ட பழைய ஆர்மேச்சர் அவ்வளவு வலிய புலத்தில் சிக்கினால் ஒவ்வொரு பல்லும் காந்த முனையில் ஒட்டி ஒட்டி விடுபடும். மெதுவாக ஓட்டும்போது ரயில் நொண்டும். தண்டவாளத்தில் கிடக்கும் இரும்புத் துகள்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவறிந்து, மெல்லிய காந்தத்தையும் தேனிரும்புத் தகட்டையும் சேர்த்துப் பொருத்துகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. பழைய காந்தத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் மறுபடி மாற்றியும் கொள்ளலாம். சக்கரத்தைப் பெயர்த்தால், சட்டத்தை அரத்தால் தேய்த்தால் அப்படி முடியாது. என் கண்ணில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மாற்றங்களில் நான் முழுமனதோடு வரவேற்பது ஒன்று உண்டு. அது சிறிய ஃப்ளைவீல் பொருத்துவது. உண்மை ரயில் மின்சாரத்தையோ நீராவியையோ நிறுத்திய பின்னும் வெகுதூரம் ஓடும். மாதிரி ரயில் சட்டென்று நின்றுவிடும். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 76 பங்காகக் குறைத்தால் உராய்வுக் குணகம் மாறாதபோது தூரம் ஏறக்குறைய 5800 பங்காகக் குறையும். ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்கும் ரயிலின் மாதிரி 13 மீட்டர் ஓடி நின்றால்தான் பொருத்தமாக இருக்கும். இயற்பியல் அதற்கு 17 செ.மீ. மட்டுமே தருகிறது. உருவத்தைச் சிறிதாக்கலாம், புவியீர்ப்பையும் உராய்வையும் யார் சிறிதாக்குவது? போதாக்குறைக்கு மோட்டாரின் திருகுப் பல்சக்கரம் சக்கரங்களிலிருந்து பின்னோக்கிச் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது. மோட்டார் தண்டிலேயே ஒரு பித்தளை உருளையைச் செருகினால் சுழற்சி ஆற்றல் கொஞ்சம் சேமிப்பாகும். ரயில் நிதானமாக நிற்கும். டச்சஸ் எஞ்சினில் அதற்கு இடம் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பேராசிரியரின் காந்தத்துக்கு வழி எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. குயின்க்கே முறைச் சோதனைக்கு வைத்திருக்கும் பெரிய மின்காந்தத்தின் முனைகளுக்கு இடையே, ஆர்மேச்சரைப் பொருத்திய நிலையிலேயே மோட்டாரை வைத்தேன். பழைய முனைகளின் திசையைக் காந்த ஊசியால் முன்பே குறித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். சில விநாடிகள் முழு மின்னோட்டம் செலுத்தி, மெல்லக் குறைத்து எடுத்தேன். மூன்று பெட்டிகளோடு 0.55 ஆம்பியர். நான் கெடுப்பதற்கு முன் இருந்ததைவிடச் சற்று நல்ல நிலை. அறுபது ஆண்டுகளில் அது தானாகவும் கொஞ்சம் இழந்திருக்க வேண்டும்.

எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "1960-லே நானும் அதையேதான் செய்தேன், தம்பி. அப்போ சரிசெய்து கொடுக்க ஆள் கிடைக்கலை" என்றார். தண்டவாளத்தைக் கூடத்துத் தரையில் பூட்டினோம். பேரனுக்கு மூன்றாம் தண்டவாளத்தைப் பற்றி அவரே கடிதம் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நடுத் தண்டவாளத்தின் இணைப்பு ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் ரயில் இன்னும் ஒருமுறை திக்கி ஓடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.